முறை வெச்சுக் கூப்பிடோணும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வேண்டாமுங்க. காத்து மூஞ்சில அடிச்சா எனக்குத் தலவலி வந்துரும். கோயமுத்தூருக்குப் போறீங்களா? நானும் அங்கதானுங்க போறன். ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க டீச்சருங்களா? மடியில பரிச்சைப் பேப்பரு கட்டா இருக்குதல்ல, அதுனால கேட்டன்.

நெனச்சன். அப்படின்னா ஒண்ணு கேக்கறனுங்க. மரியாதையாப் பேசோணும்னு புள்ளைகளுக்குச் சொல்லித் தர்றமல்லங்க, அதச் சொல்லிக் குடுத்தே ஒரு புள்ள கெட்டுப் போகுமுங்களா? சிரிக்காதீங்க. என்ர புள்ள அப்படித்தானுங்க ஆயிட்டா. மிருதுளா. மூணாவது படிக்கறா. அவளப் பத்திப் பேசறதுக்குத்தான் இப்ப ஒரு டாக்டரம்மாவப் பாக்கப் போயிட்டிருக்கறன். கொழந்தைக மனசுக்குப் பாக்கறவங்களாமா. மொதல்ல நீங்க மட்டும் வாங்க, அப்பறம் புள்ளையக் கூட்டிட்டு வரலாம்னு போன்ல சொன்னாங்க. அங்க போயி என்னத்தச் சொல்றதுன்னு எனக்கே தெரியல. உங்ககிட்டச் சொல்லிப் பாத்தாலாச்சும் ஒரு வழிக்கு வரும். சொந்தக்காரங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க, வெக்கக்கேடு. உங்கள இனி நான் எங்க பாக்கப் போறன்?

எங்களுக்குக் கோபிக்குப் பக்கத்துல வாய்க்காக் கரையில தோட்டமுங்க. தென்னந்தோப்பும் கொஞ்சம் மஞ்சக் காடும். எங்க பக்கத்துல மரியாதைக்குக் கொறச்சலே இல்ல. எங்க மாமனாரு எருமையக்கூட 'நவுந்து நில்லுங்க'ன்னுதான் சொல்லுவாரு. பொய்யில்லீங்க. அப்படிப்பட்ட ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்துபோட்டு என்ர புள்ள வாய் துடுக்கா வளந்தா ஆரச் சொல்லுவாங்க? அவங்கப்பனையா சொல்லுவாங்க? என்னையத்தானுங்க சொல்லுவாங்க. பூங்கொடி வளத்த லட்சணத்தப் பாரும்பாங்க.

அதுனால பேச்சு வந்த நாள்ல இருந்தே சொல்லிச் சொல்லி வளத்துனன். பெரியவங்க ஆரா இருந்தாலும் பேரு சொல்லப்படாது, முறை வெச்சுக் கூப்பிடோணும். முறை தெரியலையா, வயசப் பாத்து நீயே கண்டுபுடி. அப்பா வயசா, மாமான்னு கூப்பிடு. அம்மா வயசா, அத்தைன்னு கூப்பிடு. தலை நரைச்சிருந்தா அப்பாரு, அப்புச்சி, அமுச்சி. ஆரா இருந்தாலும்னுதானுங்க சொன்னன். அந்த வார்த்தைய நான்தான் சொன்னன், இல்லைன்னு சொல்லல. ஆரா இருந்தாலும்னா அதுல ஆரு ஆரு வருவாங்கன்னு நமக்குத் தெரிஞ்சதுதானுங்களே. அதப் போயி ஆராச்சும் வெவரமாச் சொல்லுவாங்களா?

நீங்க மதுரப் பக்கமுங்களா? அப்படின்னா இதக் கொஞ்சம் வெளக்கோணும். எங்களுக்கு அப்பாரு வேற, அப்புச்சி வேற. அப்பாவப் பெத்தவரு அப்பாரு. அம்மாவப் பெத்தவரு அப்புச்சி, அம்மாவோட அம்மா அமுச்சி. எங்கய்யன், அதாவது என்ர அப்பா, இவ பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாரு. அப்ப இவளுக்கு அப்பாரு உண்டு, அப்புச்சி இல்ல. இத மனசுல வெச்சுக்கங்க. பின்னால நடந்தது பூராவும் இதுலதான் இருக்குது.

போன வருசம் பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி வெச்சாங்க. 'பெரியோரை மதிப்போம்'னு தலைப்பு. நானே எழுதிக் குடுத்து, கண்ணாடி முன்னால நிக்க வெச்சுப் பழக்குனன். மொதப் பரிசு வாங்கிப்போட்டா. கோப்பையத் தூக்கிட்டு வந்து மொதல்ல ஆருகிட்டக் காட்டுனாங்கறீங்க? என்கிட்ட இல்லீங்க. நேராத் தோப்புக்குள்ள ஓடி நஞ்சான்கிட்டக் காட்டுனா.

நஞ்சான் எங்க தோட்டத்து ஆளுங்க. தண்ணி கட்டறது, தேங்கா பொறுக்கறது, மாட்டுக்குத் தீனி போடறது எல்லாம் அவன்தான். எங்கூட்டுக்காரரே அவன் தோள்ல தூக்கி வளத்த புள்ளதான். எழுவது வயசு இருக்குமுங்க அவனுக்கு. காலனியில இருந்து காத்தால நடந்து வருவான். இவள வேன் ஏத்தி உடறது, சாங்காலம் எறக்கிக் கூட்டிட்டு வர்றது, அதுவும் அவன்தான். இப்பக்கூட அவன் தொணைக்கு இருக்கறான்னுதான் புள்ளைய உட்டுட்டு வந்திருக்கறன். நாங்க வித்தியாசமெல்லாம் பாக்கறதில்லீங்க. அவனுக்குன்னு தட்டும் டம்ளரும் எவர்சில்வர்லயே வாங்கி, பொறவாசல் மாடத்துல தனியா வெச்சிருக்கறம். எத்தன ஊட்டுல அப்படி வாங்கி வெப்பாங்க?

இந்தத் தையில மேல ஒரு மாடி எடுத்துப் புண்ணியார்ச்சனை வெச்சமுங்க. ஆமாங்க, நீங்க கிரகப்பிரவேசம்னு சொல்றீங்களே, அதுதான். சனம் எல்லாம் வந்திருந்துது. இவளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, வாசல்ல பன்னீர்ச் செம்போட நிறுத்துனன். வர்றவங்களுக்குப் பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து, முறை சொல்லி உள்ள கூப்பிடறது இவ வேலை. வாங்க மாமா, வாங்க பெரீப்பா, வாங்க அமுச்சின்னு ஒருத்தரையும் உடாம, ஒருத்தருக்கும் முறை தப்பாம, கிளி மாதிரி கூப்பிட்டுட்டே இருந்தா. எல்லாரும் அவ கன்னத்தக் கிள்ளிப்போட்டு என்னையத் திரும்பிப் பாத்தாங்க. எங்க நங்கையாகூட, அதுதானுங்க, எங்கூட்டுக்காரரோட அக்கா, ஒருத்தரையும் லேசுல மெச்சாதவங்க, "பரவால்ல பூங்கொடி, புள்ளைய நல்லாத்தான் வளத்தியிருக்கற"ன்னாங்க. எனக்குக் கால் தரையில நிக்கல. அங்கயே நிறுத்தியிருக்கோணும் ஆண்டவன்.

பொறவாசல் பூராவும் சமையல்காரங்க அடுப்புப் போட்டு அடச்சுட்டாங்க. நஞ்சான் தலையில வாழைத்தாரு. உள்ள கொண்டு போக வழியில்லாம முன்வாசல் பக்கமா வந்துட்டான். வந்தவன் ஒரு ஓரமா எறக்கி வெச்சுட்டுப் போயிருக்கலாமில்ல? இவ உடலீங்க. செம்பத் தூக்கிட்டு ஓடி, அவன் மேல பன்னீரத் தெளிச்சு, அந்த மண்ணுக் கையில சந்தனத்த வெச்சு, சபையே கேக்கற மாதிரி, "வாங்க அப்புச்சி, உள்ள வந்து உக்காருங்க"ன்னு கையப் புடிச்சு இழுக்கறா.

அப்புச்சிங்க. வெறும் தாத்தான்னு சொல்லியிருந்தாலும் போச்சாதுன்னு உட்டுருக்கலாம். அப்பாரு ஒருத்தரு ஊஞ்சல்ல உக்காந்திருக்கறாரு, அந்த எடம் காலியில்ல. காலியா இருந்த எடத்துல இவ அவனக் கொண்டாந்து உக்கார வெச்சுட்டா. பூராச் சனமும் திரும்பிப் பாத்துது. எங்க நங்கையாதான் வாயத் தொறந்தாங்க. "ஏம்மா பூங்கொடி, உங்கய்யன் வந்துட்டாராட்டம் இருக்குது. பந்தியில எலையப் போடு."

சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு. இன்னும் காதுல இருக்குது. எங்கய்யன் ஊர்ப் பஞ்சாயத்துல நடுவுல உக்காந்து நாயம் சொன்னவருங்க. செத்தவரக் கொண்டாந்து அந்த எடத்துல நிறுத்திச் சிரிக்கறாங்க. எனக்கு மானமே போச்சு. பூமி பொளந்து உள்ள இழுத்துக்காதான்னு இருந்துச்சு.

நீங்களா இருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க? கண்டிக்கத்தானுங்களே செய்வீங்க? நானும் அதத்தான் பண்ணுனன். தோளப் புடிச்சு நிறுத்தி, "ஆரடி அப்புச்சி? ஒழுங்காப் பேரு சொல்லிக் கூப்பிடு"ன்னன்.

"பெரியவங்களப் பேரு சொல்லப்படாதுன்னு நீங்கதானுங்கம்மா சொன்னீங்க"ன்னா.

"அது நம்மவங்களுக்கு"ன்னன்.

"இவங்க ஆரோடவங்க?"ன்னா.

சும்மாதாங்க கேட்டா. துடுக்குத்தனமா எல்லாம் கேக்கல. தெரியாதவ தெரிஞ்சுக்கக் கேக்கற மாதிரி என்ர மூஞ்சியப் பாத்துக் கேட்டா. பதில் வராட்டிக் கை வரும்பாங்களே. ஓங்கிப்போட்டன். அடிக்கல, ஓங்குனன். "இப்பச் சொல்றயா இல்லையா? 'நஞ்சா, பின்னால போ'ன்னு சொல்லு. நான் கேக்கோணும்"னன்.

வாயத் தொறக்க மாட்டேங்கறா. கண்ணுல தண்ணி நிக்குது, கீழ உழ மாட்டேங்குது. அப்ப அவன், நஞ்சான், அவ உசரத்துக்குக் குனிஞ்சு, "சொல்லிருங்க கண்ணு. பேரு வெச்சதே கூப்பிடறதுக்குத்தானுங்களே? அம்மா கோவிச்சுக்கறாங்க பாருங்க. ஒருக்காச் சொல்லிப்போட்டு வெளையாடப் போங்க"ன்னான்.

அவன் சொல்லச் சொன்ன பின்னாலதாங்க சொன்னா. "நஞ்சா, பின்னால போ." அவ்வளவுதான். அவன் சிரிச்சுட்டே, "ஆகட்டுங்க கண்ணு"ன்னு தாரத் தூக்கித் தலையில வெச்சுட்டுப் போயிட்டான். சிரிச்சுட்டேதாங்க போனான், நான் பாத்தன். அவனுக்கே ஒண்ணும் இல்லைன்னா நமக்கு என்னங்க? பந்தி போட்டோம். எல்லாரும் சாப்பிட்டாங்க. கத்திரிக்கா வாங்கிபாத்து நல்லா இருந்துதுன்னாங்க. நான் உக்காந்து ஒரு வாய் திங்கல. அன்னைக்குச் சாங்காலம் பாத்தா, தோப்புல மொத தென்ன மரத்துல ஒரு ஆளு எட்டற உசரத்துல சந்தனம் ஈசியிருந்துது. பூசிக்காம அங்க தொடச்சுட்டுப் போயிருக்கறான். அத எதுக்கு உங்ககிட்டச் சொல்றன்னு தெரியல.

சரி, பிரச்சனை இது இல்லீங்க. இது முடிஞ்சு போச்சு. பிரச்சனை அதுக்கப்பறம்தான்.

அன்னைக்கு மேலக்கி இவ ஆரையுமே ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடறதில்லீங்க. மாமா இல்ல, அத்தை இல்ல, ஒண்ணும் இல்ல. பேச்செல்லாம் இருக்குது. மரியாதையும் இருக்குது. வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, எல்லாம் உண்டு. கூப்பிடற சொல்லு மட்டும் இல்ல. ஆரையாச்சும் கூப்பிடோணும்னா கிட்ட வந்து நிப்பா. நாம திரும்பிப் பாக்கற வரைக்கும் நிப்பா. மொதல்ல நான் கவனிக்கவே இல்ல. பள்ளிக்கூடத்துல இருந்து மிஸ்ஸு கூப்பிட்டுச் சொன்னாங்க, "உங்க பொண்ணு எங்கள மிஸ்ஸுன்னு கூப்பிடறதே இல்லீங்க, மேசைகிட்ட வந்து நின்னுக்கறா"ன்னு. பேச்சுப் போட்டியில கோப்பை வாங்குன புள்ளைங்க அது. தலை குனிஞ்சு நின்னன். மாரியம்மன் நோம்பிக்கு எங்க நங்கையா ஊட்டுக்குப் போனா அங்கயும் அப்படியே நிக்கறா. "என்ன பூங்கொடி, வாசல்ல நின்னு கிளி மாதிரி கூப்பிட்ட புள்ளைக்கு இப்ப அத்தைன்னு வாய் வரமாட்டேங்குதா?"ன்னு அவங்க கேட்டாங்க. அங்கயும் தலை குனிஞ்சுதான் நின்னன்.

எல்லாரையும் உட்டுத் தள்ளுங்க. ஒரு நாளு இவளுக்குக் காச்சல். அனலாக் கொதிக்குது. மத்தியானம் பக்கத்துல படுத்துட்டு நெத்தியில ஈரத் துணி போட்டுட்டு இருக்கறன். காச்சல்ல எல்லாக் கொழந்தையும் என்னன்னுங்க மொனகும்? நாமளே இந்த வயசுல என்னன்னு மொனகறம்? அம்மான்னுதானுங்களே? இவ உதட்ட இறுக்கி மூடிட்டு, 'ம்... ம்...'னு மொனகறா. அந்தச் சொல்லு வெளிய வந்துரக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுட்டு இருக்கறா. அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. அந்தப் புண்ணியார்ச்சனைக்குப் பின்னால இவ என்னைய ஒருக்காக்கூட அம்மான்னு கூப்பிடலைன்னு.

காச்சல் தெளிஞ்ச பின்னால மடியில உக்கார வெச்சுக் கேட்டன். "ஏங்கண்ணு, அம்மாவ ஏன் கூப்பிட மாட்டேங்கற?" தலையத் தடவித் தடவிக் கேட்ட பின்னால சொன்னா, "தப்பாக் கூப்பிட்டா வைவீங்க." அட, பெத்தவளக் கூப்பிடறதுல என்ன தப்பு வரப் போகுதுன்னன். "நம்மவங்க ஆரு, ஆரு இல்லைன்னு எனக்குத் தெரியலீங்க"ன்னா. என்னையப் பாத்தும் அவளுக்கு அது தெரியலையாமுங்க.

என்னங்க சொன்னீங்க? நஞ்சான்கிட்டப் போயி ஒரு வார்த்தை...? அதெப்படீங்க முடியும்? நான் போயி அவன்கிட்ட என்னன்னு கேக்கறது? அவன்தான் ஒண்ணும் நெனச்சுக்கலையே. சிரிச்சுட்டுத்தான போனான்? ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன ஆகறது? எங்கூட்டுக்காரரு என்ன சொல்லுவாரு? நீங்க டவுனுல இருக்கறவங்க, சொல்லிப்போடுவீங்க. இல்ல, கோவமில்லீங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க.

அவன் மூஞ்சியப் பாக்க எனக்கு இப்ப ஆகறதில்லீங்க, அது வாஸ்தவம். முன்னால நானே நின்னு சோறு போட்டுக் கொழம்பு ஊத்துவன். இப்ப அவன் வர்றதுக்கு முன்னாலயே தட்டுல போட்டுச் செவுத்து மேல வெச்சுட்டு உள்ள போயிர்றன். ஏன்னு எல்லாம் கேக்காதீங்க. வேலை இருக்குதல்ல.

இன்னைக்குக் காத்தால நடந்ததையும் கேட்டுக்கங்க. இத டாக்டரம்மாகிட்டச் சொல்றதா வேண்டாமான்னுதான் பஸ் ஏறுனதுல இருந்து யோசிச்சுட்டு வர்றன்.

பஸ்ஸுக்குக் கெளம்பிப்போட்டு இவகிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு தோப்புக்குள்ள போனன். எங்க தோப்புல நடக்கறதுக்கு ஒத்தையடி வரப்பு. ரெண்டு பக்கமும் தண்ணி ஓடற வாய்க்கா. தூரத்துல இவளும் நஞ்சானும் வரப்பு மேல உக்காந்துட்டு ஏதோ பேசிட்டு இருக்கறாங்க. இவ கையக் கைய ஆட்டிப் பேசறா. என்னையக் கண்டதும் அவன் எந்திரிச்சான். தோள்ல இருந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுட்டு, செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுட்டு, வாய்க்காத் தண்ணிக்குள்ள எறங்கி ஒதுங்கி நின்னான். அவன் எப்பவும் அப்படித்தானுங்க, பழைய காலத்து ஆளு. நாங்க நிக்கச் சொன்னதில்ல. அத இத்தன வருசத்துல ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல நான்.

இன்னைக்குப் பாத்தன். ஏன்னா அவன் பக்கத்துல என்ர புள்ளையும் எந்திரிச்சா. அவளும் செருப்பக் கழட்டுனா. கையில புடிச்சுக்கிட்டா. பாவாடைய ஒரு கையில தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கி, அவன ஒட்டி, தலையக் குனிஞ்சு நின்னுக்கிட்டா. நான் போறதுக்கு வழி உட்டு.

வெளையாட்டில்லீங்க. எகத்தாளமும் இல்ல. எகத்தாளமா இருந்தா ரெண்டு அடி வெச்சுருப்பன். அவ மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. மரியாதை மட்டும்தான் இருந்துது. நஞ்சான் பதறிப் போயி, "கண்ணு, நீங்க மேல ஏறுங்க, மேல ஏறுங்க"ங்கறான். அவ அசையல. நான் தாண்டிப் போகட்டும்னு நிக்கறா.

நான் என்ன பண்ணுனங்கறீங்க? நின்னு புள்ளைய வாரி எடுத்திருக்கோணும். இல்ல, அவனையாச்சும் மேல ஏறச் சொல்லியிருக்கோணும். ஒண்ணும் பண்ணல. ரெண்டு பேரையும் தாண்டி நடந்துட்டன். பஸ்ஸுக்கு நேரமாச்சு பாருங்க. ரோட்டுக்கு வந்துதான் திரும்பிப் பாத்தன். அப்பவும் ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளயே நிக்கறாங்க. வெக்கமா இருந்துச்சுங்க. அன்னைக்கு நங்கையா சிரிச்சப்ப வந்துதே, அந்த வெக்கம் இல்ல இது. அது ஊரு முன்னால வந்தது. இது ஆருமே பாக்காத எடத்துல வந்துச்சு.

இல்லீங்க, அழுகல. கண்ணுல தூசி, காத்துல. தண்ணி வேண்டாமுங்க, இருக்குது.

ஒண்ணு சொல்றனுங்க டீச்சர். அவ என்னைய அம்மான்னு கூப்பிட வேண்டாம். எந்த முறையும் வெச்சுக் கூப்பிட வேண்டாம். என்னையக் கண்டா வழிய உட்டு எறங்காம நின்னாப் போதும்.